டெஸ்ட் ரைடு போறீங்களா? முதல்ல மெதுவா ஓட்டிப் பாருங்க!

யமஹா எம்டி-15 பைக்கின் இன்ஜின் 155 சிசி, பவர் 18.4 பிஎஸ். ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350-ன் இன்ஜின் 349 சிசி, பவர் 20.2 பிஎச்பி. சிசி இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் பவரில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு கம்பெனி பிஎஸ் என்றும் இன்னொரு கம்பெனி பிஎச்பி என்றும் போடுவது தனிக் குழப்பம். ஒரு பிஎச்பி என்பது சுமார் 1.014 பிஎஸ் என்பதால் அதைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை.

மொபைலில் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் போட்டுப் பார்க்கும் ஒருவருக்கு, கிட்டத்தட்ட சமம் என்றுதான் தோன்றும். ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம்.

காரணம், அதே அட்டவணையில் கொஞ்சம் கீழே இருக்கும் டார்க் என்ற வரி. எம்டி-15 தன் அதிகபட்ச இழுவிசையான 14.1 நியூட்டன் மீட்டரை 7,500 ஆர்பிஎம்மில் தருகிறது. ஹன்டர் 27 நியூட்டன் மீட்டரை 4,000 ஆர்பிஎம்மிலேயே தந்துவிடுகிறது. நம்மூர் பாஷையில் சொன்னால், ஹன்டர் சோம்பலாக ஓடும்போதே இழுக்கும். எம்டி-15-ஐ முறுக்கினால்தான் உயிர் வரும். முறுக்கினால் செம உயிர். அதேசமயம் ஹன்டரின் எடை 181 கிலோ, எம்டி-15 சுமார் 141 கிலோ. சிக்னலில் நிற்கும்போதும், அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பின்பக்கமாகத் தள்ளும்போதும் அந்த 40 கிலோவை யாரோ ஒருவர் சுமக்க வேண்டும்.

இதில் எது நல்ல பைக் என்று கேட்டால் பதில் இல்லை. யாருக்கு, எந்த ரோட்டுக்கு என்று கேட்டால் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் டெஸ்ட் ரைடு. ஆனால் பெரும்பாலானவர்கள் அந்தப் பத்து நிமிடத்தை ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பார்ப்பதிலேயே செலவு செய்துவிடுகிறார்கள்.

புது பைக் மயக்கம்

முதலில் ஒரு எச்சரிக்கை. எட்டு வருடம் பழைய பைக்கிலிருந்து இறங்கிப் புது பைக்கில் ஏறும் யாருக்கும் முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம்தான். பழைய பைக்கின் செயின் தளர்ந்திருக்கும், பிரேக் தேய்ந்திருக்கும், ஷாக் அப்சார்பர் செத்திருக்கும். அதோடு ஒப்பிட்டால் ஷோரூமில் நிற்கும் எல்லா பைக்கும் வெண்ணெய் மாதிரிதான் போகும். அந்த நிமிடத்தில் மனசு ஒப்பிடுவது பழசையும் புதுசையும்தான். லிஸ்ட்டில் இருக்கும் இரண்டு புது பைக்குகளை அல்ல. "புக் பண்ணிடலாமா சார்?" என்ற கேள்வியும் சரியாக அப்போதுதான் வரும்.

இதற்கு ஒரே மருந்து, இரண்டு பைக்கையும் ஒரே நாளில், முடிந்தவரை ஒரே மாதிரி ரோட்டில் ஓட்டுவது. முதலில் ஒன்று, அடுத்து இன்னொன்று. முடிந்தால் மறுபடி முதலாவது. இந்த மூன்றாவது ரவுண்டைக் கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் முதல் பைக்கின் குறை பல நேரம் இரண்டாவதை ஓட்டிவிட்டுத் திரும்பி வரும்போதுதான் தெரியும். ஒவ்வொரு ரைடு முடிந்ததும் மொபைலில் முப்பது விநாடி வாய்ஸ் நோட் போட்டுவிடுவது நல்லது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

20 கி.மீ. வேகத்தில் என்ன தெரியும்?

தாம்பரத்தில் வீடு, சிறுசேரியில் ஆபீஸ் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். மேடவாக்கம் தாண்டி, சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டி, மெட்ரோ பணிகளால் சுருங்கிய ஓஎம்ஆரில் போக வேண்டும். அவர் பைக்கின் டாப் ஸ்பீடைப் பார்க்கப் போவது வருடத்தில் ஒன்றிரண்டு நாள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒருவேளை. மற்ற எல்லா நாளும் முதல் மூன்று கியருக்குள்தான் வாழ்க்கை. ஆகவே அவர் டெஸ்ட் ரைடில் பார்க்க வேண்டியதும் அந்த வாழ்க்கையைத்தான்.

கிளட்ச்சில் தொடங்கலாம். ஷோரூமில் ஒருமுறை பிடித்துப் பார்த்தால் எல்லா கிளட்ச்சும் லேசாகத்தான் இருக்கும். ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் இருபது முறை பிடித்து விட்டால்தான் மணிக்கட்டு உண்மையைச் சொல்லும். நின்ற இடத்தில் நியூட்ரல் ஒரே தட்டலில் விழுகிறதா, இல்லை முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே கண்ணாமூச்சி ஆடுகிறதா? டெஸ்ட் பைக்கில் கேபிள் சரியாக அட்ஜஸ்ட் செய்யாமல் இருக்கலாம் என்பதால் ஒரு பைக்கை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். சந்தேகம் இருந்தால் அதே மாடலை இன்னொரு டீலரிடம் ஓட்டிப் பார்க்கலாம்.

அடுத்து, மூன்றாவது கியரில் 25 - 30 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாகத் திறந்து மூடிப் பார்ப்பது. சில பைக்குகள் நூல் பிடித்த மாதிரி போகும். சில பைக்குகள் வெட்டி வெட்டி இழுக்கும். தொடர்ந்து கியரைக் குறைக்கச் சொல்லும். இதை எந்த அட்டவணையிலும் போடுவதில்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் டிராஃபிக்கில் இருப்பவருக்கு இதைவிட முக்கியமான விஷயம் குறைவு.

பிறகு யு-டர்ன். சாதாரணத் தெரு அகலத்தில், கால் ஊன்றாமல், ஒரே வீச்சில் திரும்ப முடிகிறதா? ஹேண்டில்பார் முழுசாக மடங்கும்போது கை டேங்கில் இடிக்கிறதா? ஸ்போர்ட்ஸ் பைக் பிரியர்களில் பலர் வாங்கிய பிறகு முணுமுணுப்பது இதைப் பற்றித்தான்.

இருக்கை உயரம் இன்னொரு ஏமாற்று எண். ஹன்டருக்கு 790 மி.மீ., எம்டி-15-க்கு 810 மி.மீ., ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸுக்கு 785 மி.மீ. என்று கம்பெனிகள் சொல்கின்றன. ஆனால் பாதம் தரையில் படுமா என்பதை உயரம் மட்டும் முடிவு செய்வதில்லை. சீட் முன்பக்கம் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் குட்டையாகிவிடும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பதும் சேரும். அதனால் 810 சிலருக்குச் சுலபமாகவும், அதைவிடக் குறைந்த உயரம் சிரமமாகவும் இருக்கலாம். சமதரையில் மட்டும் உட்கார்ந்து பார்த்தால் போதாது. மழைநீர் வடியும் ரோட்டு ஓரச் சரிவில் ஒரு காலை ஊன்றிப் பார்க்க வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு, குறிப்பாக முதல்முறை கியர் பைக் வாங்கும் பெண்களுக்கு, "பழகிடும் மேடம்" என்பதுதான் ஷோரூமில் அதிகம் கிடைக்கும் பதில். பல விஷயம் பழகும்தான். ஆனால் சரிவில் நிற்கும்போது தரைக்கு எட்டாத கால் வளரப் போவதில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டுப் பைக்கைப் பத்தடி பின்னால் தள்ளிப் பார்ப்பதும் டெஸ்ட் ரைடுதான். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். சில மாடல்களில் சென்டர் ஸ்டாண்டே கிடையாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

சூடு பற்றி ஒரு வார்த்தை. காலை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் ஓட்டினால் எந்த பைக்கும் காலைச் சுடாது. மே மாத மதியம், சிக்னலில் நான்கு நிமிடம் நின்றால் கெண்டைக்காலில் தெரியும். மதிய நேரத்தில், அதுவும் இன்னொருவர் ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு பைக்கை வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பின்னால் உட்காரப் போவது யார்?

இளைஞர்கள் பைக் வாங்கும்போது பெரும்பாலும் மறந்துபோகும் ஆள் இவர்தான். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, மனைவியை பஸ் ஸ்டாண்டில் விட, ரூம்மேட்டை ஸ்டேஷனில் இறக்க என்று பின்சீட்டில் யாராவது ஏறிக்கொண்டே இருப்பார்கள். எம்டி-15 மாதிரியான பைக்குகளில் பின்சீட் சின்னதாகவும், முன்சீட்டைவிட நன்றாக உயரத்திலும் இருக்கும். பார்க்க கெத்து. முட்டி வலி உள்ள அறுபது வயது அம்மா அதில் ஏற, பக்கத்தில் ஒரு திண்ணை வேண்டும்.

புடவையில் ஒருபக்கமாக உட்காருபவர் என்றால் கேள்விகள் இன்னும் கூடும். மத்திய மோட்டார் வாகன விதி 123-ன்படி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும். அந்தத் தடுப்புதான் எல்லோரும் சொல்லும் ஸாரி கார்டு. லுக் கெட்டுப்போகிறது என்று டெலிவரி எடுத்த மறுநாளே இதைக் கழற்றுபவர்கள் உண்டு. புடவையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கி நடக்கும் விபத்துகளைத் தடுக்க இருக்கும் பொருள் அது.

ஆகவே டெஸ்ட் ரைடுக்கு அந்த ஆளையே கூட்டிப் போவது நல்லது. "நான் எதுக்குப்பா, நீயே பாத்து வாங்கு" என்பார்கள். விடக் கூடாது. அவர்களுக்கும் ஒரு ஹெல்மெட் எடுத்துக்கொண்டு, வேகத்தடை உள்ள தெருவில் ஒரு ரவுண்டு போனால் மூன்று விஷயம் தெரியும். பைக்கின் அடிவயிறு வேகத்தடையில் உரசுகிறதா, இரண்டு பேர் எடையில் பின் சஸ்பென்ஷன் கடைசி வரை இறங்கி டங்கென்று அடிக்கிறதா, பிரேக் பிடிக்கும்போது பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவர் முதுகில் சரிகிறாரா. பின்சீட்காரர் இறங்கியதும் முகத்தைப் பார்த்தாலே பாதி விமர்சனம் கிடைத்துவிடும்.

பிரேக்கில் கஞ்சத்தனம் வேண்டாம்

125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ், அதற்குக் கீழே உள்ளவற்றுக்குக் குறைந்தபட்சம் சிபிஎஸ் என்ற விதி 2019 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இரண்டும் ஒன்றல்ல. சிபிஎஸ் என்பது ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பகிர்ந்து கொடுப்பது. ஏபிஎஸ் என்பது சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை சென்சார் மூலம் உணர்ந்து, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பது. ஈரமான ரோட்டில், மணல் கொட்டிய திருப்பத்தில் வண்டி வழுக்கி விழுவதற்கும் நேராக நிற்பதற்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் இது.

இதிலும் சிங்கிள் சேனல், டூயல் சேனல் என்று இரண்டு. சிங்கிள் என்றால் முன்சக்கரத்துக்கு மட்டும். ஒரே பைக்கின் விலை குறைந்த வேரியன்ட்டில் சிங்கிளும், மேல் வேரியன்ட்டில் டூயலும் வருவது சகஜம். ஹன்டர் 2022 ஆகஸ்டில் வந்தபோதே ரெட்ரோ வேரியன்ட்டுக்கு சிங்கிள் சேனல் ஏபிஎஸ்ஸும் பின்னால் டிரம் பிரேக்கும், மெட்ரோ வேரியன்ட்டுக்கு டூயல் சேனலும் கொடுத்தார்கள். கலருக்கும் புளூடூத் டிஸ்பிளேவுக்கும் கூடுதல் பணம் கொடுக்க யோசிக்காதவர்கள் இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பது விசித்திரம். டெஸ்ட் ரைடுக்குக் கொடுப்பது எந்த வேரியன்ட் என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும். டாப் வேரியன்ட்டை ஓட்டிவிட்டு பேஸ் வேரியன்ட்டை புக் செய்பவர்கள் நிறைய.

பிரேக்கைச் சோதிக்க வேண்டும் என்று நடு ரோட்டில் 80-ல் போய் அடித்துப் பார்க்க வேண்டியதில்லை. பின்னால் வண்டி வராத நேரான ரோட்டில், 30 - 40 கி.மீ. வேகத்திலிருந்து படிப்படியாக அழுத்தினாலே போதும். லீவர் எவ்வளவு தூரம் உள்ளே போன பிறகு பிடிக்கிறது, வண்டி நேர்கோட்டில் நிற்கிறதா என்பது புரிந்துவிடும்.

ஓட்டிப் பார்த்தாலும் தெரியாதவை

மைலேஜ் டெஸ்ட் ரைடில் தெரியாது. கம்பெனி சொல்லும் எண் ஆய்வகச் சூழலில், நிர்ணயித்த முறையில் எடுத்தது. நம் சிக்னல்கள் அதில் இல்லை. அதே மாடல் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரிடம், ஃபுல் டேங்க் போட்டு மறுபடி ஃபுல் டேங்க் வரை எவ்வளவு ஓடியது என்று கேட்பதுதான் நம்பகமான வழி. அதை வைத்து ஒரு கணக்கு போடலாம். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவர், லிட்டருக்கு 35 கி.மீ. தரும் பைக்குக்கும் 50 கி.மீ. தரும் பைக்குக்கும் நடுவே தடுமாறுகிறார் என்றால், மாதம் சுமார் 8.5 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 100 ரூபாய் என்று ரவுண்டாக வைத்தால் 850 ரூபாய். ஐந்து வருடத்தில் 51,000 ரூபாய். மாதம் 300 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு அது சுமார் 15,000 ரூபாய்தான். அப்படிப்பட்டவர் மைலேஜுக்காகப் பிடிக்காத பைக்கை வாங்குவதில் அர்த்தமில்லை.

இன்சூரன்ஸில் சிசி ஒரு கோடு போடுகிறது. 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை 3,851 ரூபாய். 150-ஐத் தாண்டி 350 சிசி வரை 7,365 ரூபாய். 350-க்கு மேல் 15,117 ரூபாய். வரி தனி. ஆக 149 சிசி யமஹா எஃப்இசட்-க்கும் 155 சிசி எம்டி-15-க்கும் சிசியில் ஆறுதான் வித்தியாசம், பிரீமியத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எம்டி-15-ம் ஹன்டரும் ஒரே ஸ்லாப்.

350 சிசி என்பது ஜிஎஸ்டியிலும் ஒரு கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் 40 சதவீதம். தமிழ்நாட்டில் சாலை வரி, 2023 நவம்பரில் திருத்தியபடி, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான பைக்குக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். ஆன்ரோடு விலையைக் கேட்கும்போது இவை எல்லாம் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். அப்போதுதான் நடுவில் "எசென்ஷியல் கிட்", "ஹேண்ட்லிங்" என்று ஒளிந்திருப்பவை கண்ணில் படும். இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

போகும் முன்...

ஒரிஜினல் லைசென்ஸ் கட்டாயம். எல்எல்ஆர் வைத்துக்கொண்டு கேட்டால் தர மாட்டார்கள். சொந்த ஹெல்மெட், ஷூ. பையில் லேப்டாப் தினமும் போகும் என்றால் அந்தப் பையையும் மாட்டிக்கொண்டு ஓட்டலாம். முன்னால் குனிய வைக்கும் பைக்கில் தோள்பட்டை என்ன சொல்கிறது என்று தெரியும். நம்பர் பிளேட்டையும் பார்க்க வேண்டும். பதிவு செய்யாத ஷோரூம் வண்டி என்றால் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் டிரேட் சர்டிபிகேட் எண் இருக்க வேண்டும். எந்த எண்ணும் இல்லாத பைக்கை ரோட்டுக்கு எடுத்துப் போவது ஓட்டுபவருக்கே ரிஸ்க். கையெழுத்து கேட்கும் படிவத்தில், கீழே விழுந்தால் சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற வரியைப் படித்துவிட்டுப் போடலாம்.

டெஸ்ட் பைக்கின் ஓடோமீட்டரில் 6,000, 7,000 கி.மீ. என்று இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். நூறு பேர் முரட்டுத்தனமாக ஓட்டிய பைக் அது. அதில் பிளாஸ்டிக் பாகங்கள் கடகடக்கின்றனவா, சுவிட்சுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, 60 - 70 கி.மீ. வேகத்தில் ஹேண்டிலும் ஃபுட்ரெஸ்ட்டும் எவ்வளவு அதிர்கின்றன என்று பார்த்தால், இரண்டு வருடம் கழித்து சொந்த பைக் எப்படி இருக்கும் என்பதன் டிரெய்லர் கிடைக்கும்.

இவ்வளவுக்கும் பத்து நிமிடம் போதுமா? போதாது. ஆன்லைனில் புக் செய்தால் வீட்டுக்கே பைக்கைக் கொண்டுவந்து ஓட்டக் கொடுக்கும் டீலர்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து மெயின் ரோடு வரையிலான அந்தக் குண்டும் குழியுமான தெருவில் ஓட்டிப் பார்க்க அது நல்ல வாய்ப்பு. இன்னொரு வழி, கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துடன் வாடகைக்குக் கிடைக்கும் பைக்குகள். வாங்க நினைக்கும் மாடலே கிடைத்தால், ஒரு வேலை நாளில் வாடகைக்கு எடுத்து ஆபீஸ் போய் வந்துவிடலாம். ஒன்றரை லட்சம் ரூபாய் கடனில் கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு நாள் வாடகை பெரிய செலவல்ல.

சில ஷோரூம்களில் "டெஸ்ட் பைக் சர்வீஸுக்குப் போயிருக்கு, நீங்க டோக்கன் போட்டுடுங்க, வந்ததும் கூப்பிடுறோம்" என்ற பதில் வரும். அதே பைக்கை அதே விலைப் பட்டியலில் விற்கும் இன்னொரு டீலர் பெரும்பாலும் பக்கத்து ஏரியாவிலேயே இருப்பார். டோக்கன் போட்டே தீர வேண்டும் என்றால், ஓட்டிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.